மூன்றாவது தடவை

எஞ்சினியர் விமலனுக்குப் பாராட்டு விழாவாம்! விளம்பரத்தைப் பார்த்ததுமே ஜெயராஜ் எழுந்தான். பண்டமாரானில் இருந்த தன் வீட்டு அலமாரியின் மேலிருந்து கையால் சுற்றுகிற பழைய சைரனை இறக்கி எண்ணெய் போட்டான். அணை வேலையை விட்டு வந்த அன்று யாரையும் கேட்காமல் எடுத்து வந்தது அது.

அங்கே மதகு திறப்பவனாக இருந்தான் ஜெயராஜ். திறக்குமுன் மூன்று தடவை சைரன் ஊதி, கால் மணி நேரம் பொறுக்க வேண்டும். ஏழு வருடத்துக்கு முன்னால், நல்ல மழை நாளில், விமலன் போனில் சொன்னார்: "சைரன் வேணாம்லா. கெஸ்ட் ஹவுஸ்ல பெரிய ஆளுங்க சாப்பிடறாங்க. கீழ யாரும் இல்ல, திற." ஜெயராஜும் திறந்தான். கீழே தூண்டில் போட்டுக்கொண்டிருந்தது அவன் தம்பி ஜீவன். அவன் வந்திருப்பது அண்ணனுக்குத் தெரியாது. பாய்ந்து வந்த தண்ணீர் அவனை அடித்துக்கொண்டு போய்விட்டது. "சைரன் கேட்டா மேல ஏறிடு, அது வரைக்கும் பயமில்ல" என்று அவனுக்குச் சொல்லி வைத்திருந்ததும் இந்த அண்ணன்தான்.

விமலனின் ரிப்போர்ட் வேறு கதை சொன்னது. சைரன் மூன்று தடவை ஊதப்பட்டதாம். இறந்தவர் குடிபோதையில் எழுந்திருக்கவில்லையாம். அடப் பாவி! பீர் வாடையே ஆகாத பிள்ளை அது. வேலை போய்விடுமே என்று பயந்து அதன் கீழே ஜெயராஜும் கையெழுத்துப் போட்டான். தனக்குத் தெரியாமல் புருஷன் குடித்திருக்கிறான் என்று ஜீவனின் மனைவி புனிதா இன்று வரை நம்பிக்கொண்டிருக்கிறாள்.

"ஒரு விழாவுக்குப் போலாம், வாம்மா" என்று மட்டும் சொல்லி அவளையும் பிரிக்பீல்ட்ஸில் இருந்த விழா மண்டபத்துக்குக் கூட்டிப் போனான்.

மேடையில் புகழாரம் தூள் பறந்தது. நெல்லுக்குத் தண்ணீர் தந்தவராம், ஊருக்கு மின்சாரம் தந்தவராம், வெள்ளத்தைத் தடுத்தவராம்! பொன்னாடை போர்த்துபவர்களின் பட்டியலில் ஜெயராஜ் முன்பே பெயர் கொடுத்திருந்தான். கூப்பிட்டதும் பையோடு ஏறினான்.

"வா ஜெயராஜ்!" என்று விமலன் குனிந்து தோளைக் காட்டினார்.

ஜெயராஜ் அவர் தோளில் ஏற்கெனவே கிடந்த பொன்னாடையை உருவிக் கீழே போட்டான். பையிலிருந்த சைரனை எடுத்து மேசையில் வைத்து ஒரு நிமிடம் சுற்றினான். மண்டபத்தில் இருந்த பிள்ளைகள் அலறினார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் சுற்றினான்.

"பைத்தியமாடா உனக்கு? நிறுத்து!" என்று கத்தினார் விமலன்.

"கேட்டுச்சா சார்? குடிகாரன்கூட எந்திரிச்சு ஓடுவான்." மைக் அவன் வாய்க்கு நேராக இருந்தது. "என் தம்பி குடிக்கல. நீங்க அன்னிக்கு ஊத விடல. பெரிய ஆளுங்க சாப்பாடு கெட்டுடும்னீங்க."

விமலன் மைக்கைப் பிடுங்கினார். "மதகைத் திறந்தது யாரு? ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டது யாரு? அதையும் சொல்லு!"

"நான்தான். அதான் ரெண்டு பேருக்கும் சேர்த்து ஊதுறேன்."

புனிதா எழுந்து மேடைக்கு வந்தாள். ஜெயராஜை அறையப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் சைரனின் கைப்பிடியைப் பிடித்தாள்.

"ரிப்போர்ட்ல மூணு தடவைன்னு எழுதியிருந்துச்சு. ரெண்டுதானே ஆச்சு மாமா?"

இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டே, கை ஓயும் வரை சுற்றினாள். விமலன் காதைப் பொத்திக்கொண்டார். ஜெயராஜ் பொத்தவில்லை.