அருணாக்கயிற்றுச் சாவி

எண்ணெயைத் தொட்டு மாமனாரின் உச்சந்தலையில் வைக்கும்போது பேச்சித்தாய் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இடுப்பைப் பார்த்தாள். விலகிக் கிடந்த வேட்டிக்கு மேலே கறுப்பு அருணாக்கயிறு தெரிந்தது. அதில் இடது பக்கமாக ஒரு சின்னப் பித்தளைச் சாவி. அது இருக்கிறது என்று கண்டதும்தான் அவளுக்கு மூச்சு வந்தது. சீயக்காயையும் ஒரு சிட்டிகை வைத்துவிட்டு, பின்னால் நின்றவளிடம் கிண்ணத்தைக் கொடுத்து ஒதுங்கினாள்.

முற்றத்தில் பெஞ்சு போட்டு மாமனார் பொன்னுச்சாமியைக் கிடத்தியிருந்தார்கள். சவத்தைக் குளிப்பாட்ட எடுத்து வந்த நீர்மாலைக் குடங்கள் பெஞ்சின் தலைமாட்டில் இருந்தன. எண்ணெய் வைத்து முடிந்ததும் நாவிதர் மூக்காண்டி குளிப்பாட்டுவார். பிறகு அருணாக்கயிற்றை அறுப்பார். போகிறவர் இடுப்பில் கயிறு இருக்கக் கூடாது என்பது வழக்கம். அறுத்த கயிறு கோடித்துணிக்குள் போகும், துணியோடு பாடைக்குப் போகும், பாடையோடு சுடுகாட்டுக்குப் போகும். காலையிலிருந்து பேச்சித்தாயின் மனசுக்குள் இதே ஓட்டம்தான்.

இருபதடி தள்ளிக் கல்தூணில் கட்டிக் கிடந்த நாய் குரைத்துக் குரைத்துத் தொண்டை கட்டிப்போயிருந்தது. அதை அமத்தச் சொல்லி நாலைந்து பேர் சொல்லிவிட்டார்கள். சொன்னவர்கள் ஒருவரும் கிட்டப் போகவில்லை. வருஷக்கணக்காக ஒரே தூணைச் சுற்றிக்கொண்டிருக்கிற நாயிடம் யார் போய் நியாயம் பேசுவது?

அது அவளோடு வந்த நாய். திருவேங்கடத்துப் பக்கம் அவள் பிறந்த ஊரில் கன்னி என்கிற வேட்டைச் சாதி நாயை யாரும் விற்பதில்லை. பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது, வசதி உள்ளவனோ இல்லாதவனோ, ஒரு குட்டியையும் கூட அனுப்புவார்கள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் பேச்சித்தாய் கல்யாணப் புடவையோடு பஸ்ஸில் வந்தபோது அவள் மடியில் கறுப்பாக ஒரு குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. தும்பி என்று பெயர் வைத்தது அவளுடைய அப்பா. கரிசல் காட்டில் முயலுக்குப் பின்னால் ஓடுவதற்கென்றே பிறந்த சாதி. நெஞ்சு அகலமாக, வயிறு ஒட்டி, காலெல்லாம் குச்சி குச்சியாக இருக்கும்.

பொன்னுச்சாமிக்கு நாய் என்றால் காவல். பஞ்சு மில்லில் இருபத்திரண்டு வருஷம் வாட்ச்மேனாக இருந்தவர். உலகத்தில் பாதிப் பேர் திருடர்கள், மீதிப் பேர் சமயம் பார்த்திருப்பவர்கள் என்று நம்பியவர். கொல்லையில் பருத்திக்கொட்டை மூட்டைகள் அடுக்கியிருந்த காலம் அது. குட்டிக்கு ஏழு மாசம் ஆனதும் தூணில் சங்கிலியைப் போட்டுவிட்டார். மில் மூடி, கொட்டை வியாபாரமும் நின்று, கொல்லையில் எருக்கு முளைத்த பிறகும் சங்கிலி நிற்கவில்லை. திருடுவதற்கு ஒன்றுமில்லாத இடத்துக்கு நாய் ராப்பகலாகக் காவல் இருந்தது.

மனுஷர் கொடுமைக்காரர் என்று சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை எலும்பைத் தன் கையாலேயே கொண்டுபோய்ப் போடுவார். ஆனால் சாக்கைக் கிழித்து அவள் தூணுக்கு மேலே ஒரு நிழல் கட்டியபோது, நாய்க்குப் பந்தல் போட்டால் அது தூங்காமல் என்ன செய்யும் என்று பிய்த்துப் போட்டார். சித்திரை வெயிலில் சட்டித் தண்ணீர் கொதிக்கும். நாய் நாக்கை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்ளும். அவள் அடுப்படியிலிருந்து ஒளித்து ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுபோவாள். சொந்த வீட்டில் சொந்த நாய்க்குத் தண்ணீர் திருடிக் கொடுத்தவள் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

போன வருஷம் ஆடித் தபசு அன்று எல்லோரும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். பேச்சித்தாய் தலைவலி என்று தங்கிவிட்டாள். நாயின் சங்கிலிக் கொக்கியைக் கழற்றினாள். தும்பி ரோட்டைத் தாண்டி ஓடியது. ஒரு மணி நேரம் கழித்து, உடம்பெல்லாம் புழுதியாக, வாய் நிறையச் சிரிப்பாகத் திரும்பி வந்தது. திரும்பக் கட்டலாம் என்று அவள் கையை நீட்டுவதற்குள் மாமனார் வாசலில் நின்றார். கூட்டத்தில் மூச்சு முட்டுகிறது என்று பாதியில் வந்துவிட்டார்.

அவர் ஒன்றும் சத்தம் போடவில்லை. கடைத்தெருவுக்குப் போய்ப் பூட்டு வாங்கி வந்தார். சங்கிலியை நாயின் கழுத்தில் சுற்றிப் பூட்டினார். சாவியை அருணாக்கயிற்றில் கோத்து முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

“இனி எவ அவுக்கான்னு பாப்போம்.”

இவ்வளவுதான் சொன்னார். அன்றிலிருந்து பூட்டு நாயின் கழுத்தில் உரசி உரசிப் புண்ணாகி, ஆறி, திரும்பப் புண்ணானது. அவள் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டே இருந்தாள்.

இன்று விடியற்காலம் இருமல் அடங்கி அவர் போய்விட்டார் என்று தெரிந்தபோது பேச்சித்தாய் அழுதாள். பொய் அழுகை இல்லை. கடைசிப் பாலை ஊற்றியதே அவள் கைதான். ஆனால் அழுது முடித்து மூக்கைச் சிந்தும்போது, முதுகிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்தமாதிரி இருந்தது. அதை அவள் மறைத்து வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

எட்டு மணிக்கு ராயகிரியிலிருந்து நாத்தனாரின் புருஷன் துரைப்பாண்டி வந்தார். மாலையைப் போட்டார், ஓரமாக உட்கார்ந்தார், நாயைப் பார்த்தார். ரைஸ்மில்லுக்கு இப்படி ஒன்றைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். பூட்டுக்குச் சாவி இல்லாவிட்டால் என்ன, தூண் பக்கம் அறுத்துச் சங்கிலியோடு அப்படியே நாளைக் காலையில் வேனில் ஏற்றிவிடலாம் என்றும் சொன்னார். காபி கொடுக்க வந்த பேச்சித்தாய் காதில் அது விழுந்தது.

அவள் புருஷன் தங்கசாமியைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள். அவன் அப்பாவுக்குப் பயந்தே வளர்ந்தவன். இன்றைக்குக்கூடப் பெஞ்சு பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “இப்பமா இதப் பேசுத? அத்தான் கேட்டா நான் என்ன சொல்ல?” என்றான். அவனைச் சொல்லி என்ன பயன்.

மூக்காண்டி குடத்துத் தண்ணீரை ஊற்றி முடித்தார். துடைத்தார். கோடி வேட்டியைச் சுற்றினார். சின்னக் கத்தியை எடுத்துக் குனிந்தார். கயிறு ஒரு இழுவையில் அறுந்தது. அதைச் சுருட்டிப் புது வேட்டியின் மடிப்புக்குள் செருகப் போனார்.

“அண்ணாச்சி, கொஞ்சம் நில்லுங்க. அந்தச் சாவிய எங்கிட்டத் தாங்க.”

தன் குரல் அவ்வளவு சத்தமாகக் கேட்கும் என்று பேச்சித்தாய் நினைக்கவில்லை. மாரடித்துக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள். பந்தலில் இருந்த ஆண்கள் எழுந்தார்கள். நாய் மட்டும் குரைத்தது. மாமனார் இடுப்பில் ஈரம் காயுமுன்னே சாவி கேட்கிற மருமகளை அந்தத் தெரு அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஒரு கிழவி வாயில் கை வைத்தாள். நாத்தனார் கோமதித்தாயின் முகம் கறுத்துவிட்டது.

துரைப்பாண்டி முன்னால் வந்து மூக்காண்டியின் கையிலிருந்து கயிற்றை வாங்கினார். சாவியைத் தூக்கிப் பார்த்தார்.

“பெட்டிச் சாவியா? அது மகன் கைக்குத்தான் போவணும். மருமக கைக்கு இல்ல.”

பெட்டிச் சாவி இல்லை, அது வேறு என்று பேச்சித்தாய் சொன்னாள். யாரும் கேட்கிறமாதிரி இல்லை. தங்கசாமி தலையைக் குனிந்துகொண்டு நின்றான். துரைப்பாண்டி சாவியோடு உள்ளே போனார். பின்னாலேயே மூன்று பேர் சாட்சிக்குப் போனார்கள். பணமும் பத்திரமும் வைக்கிற மரப்பெட்டியின் பூட்டு கையகலம். சாவி சுண்டு விரலளவு. உள்ளே அதைப் போட்டுத் திருகுகிற சத்தமும், போகாது என்று ஒருவர் சொல்வதும் முற்றம் வரைக்கும் கேட்டது. சவம் பெஞ்சில் காத்துக் கிடந்தது. மூக்காண்டி கத்தியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பேச்சித்தாய்க்குக் கூசியது. இந்த ஒரு நிமிஷத்தை இந்தச் சனம் அவள் சாகும் வரைக்கும் சொல்லும். இருந்தும் அவள் நகரவில்லை. நகர்ந்தால் சாவி நெருப்புக்குப் போய்விடும்.

பெஞ்சின் தலைமாட்டில் மாமியார் முப்பிடாதியம்மாள் உட்கார்ந்திருந்தாள். விடிந்ததிலிருந்து அவள் அழவும் இல்லை, பேசவும் இல்லை. சாவியோடு வெளியே வந்த மருமகனைப் பார்த்தாள்.

“அது நாய்ச் சாவி, மாப்பிள்ள. அவகிட்டக் குடுத்திருங்க.”

முப்பிடாதியம்மாள் மெல்ல எழுந்து அவர் கையிலிருந்து கயிற்றை வாங்கினாள். பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்தாள். சாவியை மருமகளின் உள்ளங்கையில் வைத்தாள். வெறுங்கயிற்றைக் கொண்டுபோய்ப் புருஷனின் வேட்டி மடிப்பில் தானே செருகினாள். செருகிவிட்டு அந்த இடத்தை ஒரு தரம் தடவிக் கொடுத்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

பாடை தூக்கியபோது மணி இரண்டு. சங்குச் சத்தம் ரோட்டு முனையில் திரும்பித் தேய்ந்ததும், ஆண்கள் இல்லாத வீடு திடீரென்று அகலமானது. பெண்கள் வீட்டைக் கழுவிவிட ஆரம்பித்தார்கள். பேச்சித்தாய் சாவியை முந்தானையிலிருந்து அவிழ்த்து, நாயின் புண்ணுக்கு வேப்பெண்ணெயும் கையில் தொட்டுக்கொண்டு தூணுக்குப் போனாள்.

தும்பி குரைப்பதை நிறுத்தி வாலைக் காலுக்குள் இடுக்கியது. தூணைச் சுற்றிச் சங்கிலி எட்டும் தூரம் வரைக்கும் தரை மொட்டையாக, பாத்திரம் கழுவி வைத்தமாதிரி இருந்தது. அதற்கு வெளியேதான் புல் இருந்தது. சாவுக்குப் போட்ட பந்தலின் நிழல் சாய்ந்து வந்து முதல் தடவையாகத் தூணைத் தொட்டிருந்தது. அந்த ஒரு முழ நிழலில் நாய் உடம்பைக் குறுக்கி நின்றது.

பூட்டு துருப்பிடித்திருந்தது. மூன்று முறை திருகினாள். வேப்பெண்ணெய்க் கையை அதில் தேய்த்துத் திரும்பத் திருகியதும் விட்டது. சங்கிலி சரிந்து விழுந்த சத்தத்துக்கு நாயே பயந்து துள்ளியது.

பிறகு ஓடியது. மொட்டைத் தரையின் விளிம்பு வரைக்கும் போய், அங்கே யாரோ இழுத்தமாதிரி திரும்பி, வட்டமாகவே ஓடியது. இரண்டாவது சுற்றும் அதே வட்டம்தான். மூன்றாவது சுற்றில் ஒரு கால் புல்லில் பட்டது. நாலாவதில் இரண்டு கால். அதன் பிறகு வட்டம் கொல்லையளவு ஆனது, எருக்கஞ்செடியைத் தாண்டியது, பக்கத்துக் கரிசலில் உழுது போட்டிருந்த கட்டிகளின் மேல் போனது. வயிறு தரையில் உரசுகிறமாதிரி, நாலு காலும் ஒன்றாகச் சேர்ந்து பிரிய, தும்பி ஓடியது. துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கோமதித்தாய்கூட.

“எப்பா, என்ன ஓட்டம்,” என்றாள் யாரோ.

துஷ்டி வீட்டில் சிரிக்கக் கூடாது. பேச்சித்தாய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பார்த்தவர்கள் மாமனாருக்காக அழுகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

ஆண்கள் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு திரும்பி வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. துரைப்பாண்டி தூணைப் பார்த்தார். பிறகு பந்தலைப் பார்த்தார். பெஞ்சு கிடந்த இடத்தில், முப்பிடாதியம்மாளின் காலடியில் நாய் படுத்திருந்தது. பழக்கமில்லாத நாய், இப்படி அவிழ்த்துவிட்டால் ஊரைக் கடிக்கும், நாளைக்கு மில்லுக்குக் கொண்டுபோய்விடுகிறேன் என்றார்.

“அது அவ சீதனம், மாப்பிள்ள,” என்றாள் முப்பிடாதியம்மாள். “வேணும்னா அவகிட்டக் கேளுங்க.”

அவர் கேட்கவில்லை. துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். தங்கசாமி தூணடிக்குப் போய்ச் சங்கிலியை எடுத்தான். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, கிணற்றடியில் கயிறு அறுந்து கிடந்த வாளியை அதைக் கொண்டு மீதிக் கயிற்றோடு பிணைத்தான்.

பேச்சித்தாய் அந்த வாளியில் தண்ணீர் இறைத்து ஒரு சட்டியில் ஊற்றி நாயின் முன்னால் வைத்தாள். தும்பி படுத்தபடியே கழுத்தை நீட்டிக் குடித்தது. குடித்துக்கொண்டே இருந்தது. சட்டி காலியானதும் நிமிர்ந்து பார்த்தது.

“இன்னும் கொஞ்சம் ஊத்து,” என்றாள் முப்பிடாதியம்மாள்.

பேச்சித்தாய் ஊற்றினாள். நாய் அதையும் குடித்துவிட்டு, நாலு காலையும் நீளமாக நீட்டிப் பக்கவாட்டில் சாய்ந்தது. முப்பிடாதியம்மாள் தன் காலை மடக்கிக்கொண்டு அதற்கு இடம் விட்டாள்.