படியில்லாத சுருதி

தபால் பிரிப்பவரின் வீடு பூமிக்குள் இறங்கியதற்கு அவருடைய கிளாரினெட்டின் பேரல்தான் காரணம் என்று தெரிந்ததும் நகராட்சிப் பொறியாளர் அந்த விசாரணைக் கோப்பை மூடிவிட்டார். மண்ணில் குறையில்லை, அஸ்திவாரத்திலும் குறையில்லை. கிளாரினெட்டில் உதட்டில் வைக்கும் பகுதிக்கும் துளைகள் உள்ள உடம்புக்கும் நடுவே, சுண்டுவிரல் நீளத்துக்கு, கொஞ்சம் புடைத்த மரக்குழாய் ஒன்று மாட்டியிருக்கும்; அதைத்தான் பேரல் என்பார்கள். வருஷக்கணக்கில் மூச்சின் ஈரம் ஏறிக் காய்ந்து அவருடைய பேரலின் உள்துளை அகன்றுபோயிருந்தது. ஒரு கோடையில் விழுந்த விரிசலை அவரே பசை வைத்து அடைத்திருந்தார். சுருதி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது, கூடவே வீடும் இறங்கியது. கல்யாணமான புதிதில் மூன்று படி ஏறி வீட்டுக்குள் போனவர்கள், இப்போது இரண்டு படி இறங்கிப் போனார்கள்.

ஏறுவதற்கும் இறங்குவதற்கும் நடுவில், வாசலும் தெருவும் சமமாக நின்ற சில வருஷங்கள் இருந்தன. அந்த வீட்டில் எதைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் பேச்சு அங்கேதான் போய் நிற்கும். மனைவி சட்டைகளுக்குக் காஜா தைத்துக் கொடுப்பவள். காலையில் தையல் மெஷினை அப்படியே வாசலுக்கு உருட்டிக்கொண்டு வந்து வெளிச்சத்தில் உட்கார்ந்துகொள்வாள். மகள் மூன்று சக்கர சைக்கிளைக் கூடத்தில் மிதிக்கத் தொடங்கி எதிர்வீட்டில் போய்த் திரும்பி வருவாள். பேண்டில் டியூபா வாசிக்கும் பேக்கரிக்காரர், அந்தப் பெரிய பித்தளை வாத்தியத்தைக் குழந்தை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு நேராக உள்ளே வந்துவிடுவார். தெருவில் போகிறவர்கள் "வரலாமா?" என்று கேட்டு முடிப்பதற்குள் வீட்டுக்குள் நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தபால் பிரிப்பவர் வாசிக்க, மனைவி மெஷினை நிறுத்தாமலே கேட்பாள். மெஷின் சத்தம் தாளத்தோடு சேர்ந்துகொள்ளும்.

பிறகு மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள். மனைவி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். எலும்பு கூடியது, ஆனால் படி என்று ஒன்று இருந்தால் அவளால் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. வீடோ நிற்காமல் இறங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் தெருவின் தரைக்கு வந்துவிட்டதால் அவளுக்கு ஊர் என்றால் கால்கள் மட்டும்தான். தூக்கிக்கொண்டு போகிறேன் என்று அவளுடைய தம்பி சொன்னால், "நான் என்ன மூட்டையாடா?" என்று சீறுவாள். அவன் பஸ் கண்டக்டர், அவர்களோடுதான் இருந்தான். மாமா காய்ச்சலில் படுத்த வாரம் வீடு இறங்காமல் நின்றதைக் கவனித்து, பழியைப் பேரல் மீது போட்டவனும் அவன்தான்.

ஊர் பேண்டை நடத்தியவர் ஒரு பல் டாக்டர். கடைசியில் அவர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். "பல்லு கூசுற மாதிரி எனக்குக் காது கூசுது சார். பேரலை மாத்துங்க. இல்லேன்னா பூங்காக் கச்சேரிக்கு முதல் நாற்காலியை வேற யாருக்காவது விட்டுக்குடுங்க." தலைமை வாசிப்பாளருக்கான அந்த நாற்காலியில் தபால் பிரிப்பவர் தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து உட்கார்ந்திருந்தார். அன்று வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை.

வாத்தியங்கள் ரிப்பேர் பார்க்கும் அம்மாள், பிஸ்கட் டப்பாவில் பஞ்சு வைத்து மூன்று பேரல்களைக் கொண்டுவந்தாள். முதலாவது ரொம்பக் குட்டை. அதை மாட்டி ஊதியதும் நடு ஸ்வரங்கள் விருட்டென்று மேலே போயின, அடி ஸ்வரங்கள் கிடந்த இடத்திலேயே கிடந்தன. அதன்படியே கூடம் மட்டும் இடுப்புயரத்துக்கு எழும்பியது, சமையலறை கீழேயே தங்கிவிட்டது. நடுச்சுவர் பிளந்தது. டீ டம்ளரோடு சமையலறையில் மாட்டிக்கொண்ட தம்பி, "மாமா, நிறுத்துங்க! டீ குடுக்கணும்னா ஏணி வேணும்!" என்று கத்தினான்.

இரண்டாவது பேரல் கெட்டியான கருமரம். உள்துளை மேலே அகன்று கீழே ஒடுங்கிச் சீராகப் போனது. அடியும் நடுவும் உச்சியும் ஒன்றாக எழும்பின, வீடு மொத்தமாக எழும்பியது, சுவர்ப் பிளவு மூடிக்கொண்டது. சுருதி காட்டும் மீட்டரில் முள் நட்டநடுவில் நின்றது. நாதம் அவ்வளவு பளிச்சென்று இருந்ததால் எரியாத பல்பும் எரிந்தது. வாசலில் பழைய மூன்று படிகள் மண் ஒட்டியபடி வெளியே வந்துவிட்டன. "இதுல குறை சொல்ல முடியாது" என்றாள் ரிப்பேர் அம்மாள். மனைவி ஜன்னலைப் பார்த்தாள், பிறகு படிகளைப் பார்த்தாள். "இதையே எடுத்துக்கோங்க. எனக்கு வானம் தெரியுது, போதும்."

மூன்றாவதை அவர் சும்மாதான் மாட்டிப் பார்த்தார். செம்மரம், கொஞ்சம் நீளம். "பேண்டுக்கு ஆகாது, ஒரு இழை கீழேயே நிக்கும்" என்று ரிப்பேர் அம்மாள் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். வீடு மெதுவாக இறங்கி, தெருவுக்குச் சரியாக வந்து நின்றது. உருண்டையான, அவசரமில்லாத நாதம். அந்த வருஷங்களில் அவர் வாசித்தது இப்படித்தான் இருந்தது, அவரே அதை மறந்துபோயிருந்தார். வாசித்துக்கொண்டே பார்த்தார். மனைவி கைத்தடியை ஊன்றி வாசல்வரை போனாள். ஒரு காலை எடுத்துத் தெருவில் வைத்தாள். உடனே உள்ளே இழுத்துக்கொண்டாள். அடுப்பில் பால் இருக்கிறது என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவர் மூன்றாவதை எடுத்துக்கொண்டார். மனைவி சண்டை பிடித்தாள். "எனக்காக ஒண்ணும் பண்ண வேண்டாம். நாற்காலி போச்சுன்னா நீங்க மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருப்பீங்க, அதை யாரு பாக்கறது?" அவர் பெட்டியை மூடினார்.

ஒத்திகையில் இரண்டு வரி போவதற்குள் பல் டாக்டர் கையைத் தூக்கி நிறுத்தினார். புதுப் பேரலா இது என்று கேட்டார். தபால் பிரிப்பவர் எழுந்து நின்றார். அவருக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. "இதுக்கு மேல என்னால ஏற முடியாது சார். நான் ஏறினா அவளால இறங்க முடியாது." சொல்லிவிட்டு வாத்தியத்தைக் கழற்ற ஆரம்பித்தார்.

பேக்கரிக்காரர் தன் டியூபாவின் சுருதியை இறக்க அதன் குழாயைக் கொஞ்சம் வெளியே இழுத்தார். அமைதியில் அந்தச் சத்தம் நன்றாகக் கேட்டது. பிறகு டிரம்பெட்காரர் இழுத்தார், புல்லாங்குழல்காரர்கள் இழுத்தார்கள். பல் டாக்டர் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "ஏத்தறதுதான் கஷ்டம், இறக்கறதுல என்ன இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கிளாரினெட்டிடம் ஒரு ஸ்வரம் கேட்டார். "அதுக்கே எல்லாரும் சேருங்க."

அந்த வாரத்துக்குள் பேண்டுக்காரர்கள் எல்லோர் வீடும் தெரு மட்டத்துக்கு இறங்கிவிட்டது. சலவைக்கல்லில் படி கட்டியிருந்த டிரம்பெட்காரரின் மனைவி மட்டும் கொஞ்ச நாள் யாரோடும் பேசவில்லை. அவளுடைய மாமியார் தானாகவே நடந்து போய் ரொட்டி வாங்கி வந்த பிறகு அவளும் விட்டுவிட்டாள். பூங்காவில் கச்சேரி தொடங்கியதும் மேடையும் புல்லுக்குச் சமமாக வந்து நின்றது. பின்வரிசைக்காரர்கள் எழுந்து நின்று கேட்டார்கள். தபால் பிரிப்பவரின் மனைவி தம்பியின் கையைப் பிடித்து, வேகமாக நடக்கிறான் என்று வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே வந்து, முன்வரிசையில் உட்கார்ந்தாள். அவர் தனியாக வாசிக்கும் இடத்தில் ஒரு ஸ்வரம் பிசிறியது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதால் வந்த பிசிறு அது. பல் டாக்டர் கவனிக்காததுபோல் இருந்துவிட்டார். முடிந்ததும் அவள் உடனே வீட்டுக்கு வர மறுத்து, ஆற்றுப் பாலத்தில் புது விளக்குகள் போட்டிருக்கிறார்களாமே, பார்த்துவிட்டுத்தான் வருவேன் என்றாள். மூவரும் சுற்றிக்கொண்டு போனார்கள்.

இப்போதெல்லாம் அந்த ஊரில் புதிதாக வீடு கட்டுகிறவர்களிடம் கொத்தனார் முதலில் கேட்பது, வீட்டில் யாராவது பேண்டில் வாசிக்கிறார்களா என்பதைத்தான். ஆமாம் என்றால், வாசல் படிகளுக்கான செங்கலைக் குறைத்துக்கொண்டு வேலையை ஆரம்பிப்பார்.