நின்றால் மறையும் படகு

எங்கள் ஊர்ப் படகு ஏதாவது கரைக்கு வந்து நின்றால், கூட்டுறவுக் கொட்டகையில் படகுகளைக் காட்டும் திரையிலிருந்து அதன் புள்ளி மறைந்துவிடும். கண்டாவுத் தீவின் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் பழகிப்போன விஷயம் அது. புள்ளி போயிற்றா, ஆள் வந்தாயிற்று, சேம்பங்கிழங்கை அடுப்பில் ஏற்று. ஒவ்வொரு படகிலும் சாகியூசா மச்சான் பொருத்திக் கொடுத்த ரேடியோ பெட்டியின் சமர்த்து என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். மச்சான் வேறு மாதிரி நினைத்திருந்தார். கரையேறியதும் நாங்கள் பெட்டியை அணைத்துவிடுகிறோம் என்பது அவர் எண்ணம். இதைப் பற்றி ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டதே இல்லை.

அதனால் அன்று பிற்பகல் உனைசி அக்காவின் புள்ளி மறைந்தபோது யாரும் எழுந்திருக்கவில்லை. அக்கா பக்கத்துத் தீவிலிருந்து கூரைத் தகடு ஏற்றிக்கொண்டு தனியாக வந்துகொண்டிருந்தாள். தென்கிழக்குக் காற்று பலத்திருந்தது. வழியில் ஒரு வளைகுடாவில் ஒதுங்கியிருப்பாள் என்று மச்சான் சொன்னார். அவள் கணவர் அவர், அவரே கவலைப்படவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் எனக்கு மனசு கேட்காமல் அந்த வளைகுடாக்காரர்களுக்குப் போன் செய்தேன். காலையிலிருந்து இங்கே ஒரு படகும் வரவில்லை என்றார்கள்.

அதன் பிறகு கூட்டுறவுக் கொட்டகை முழுக்க ஆட்கள். பெட்ரோல் ஏற்றி வரும் கப்பல் மறுநாள்தான். வாய்சேயாவின் படகில் மட்டும் கொஞ்சம் மிச்சமிருந்தது. ஒரு திசையில் போய்த் திரும்ப அது போதும். தவறான திசையில் போனால் இன்னொரு தடவைக்கு இல்லை. வெளிச்சமும் இறங்கிக்கொண்டிருந்தது. காற்று அவளை வடமேற்கே தள்ளும் என்றார் ஒருவர். பவளத்திட்டின் வாய்க்குள் இழுக்கிற நீரோட்டம் கிழக்கே கொண்டுபோகும் என்றார் இன்னொருவர்.

வாய்சேயாவும் சாகியூசாவும் மாமன் அத்தை மக்கள். ஒருவரை ஒருவர் சீண்டாமல் அவர்களுக்குப் பேச வராது. அன்றைக்கும் வந்தது சீண்டல்தான், ஆனால் வாய்சேயா பேசும்போதே வாசலுக்கு நடந்துவிட்டான்.

"புள்ளி எங்க மறைஞ்சுதோ அங்கயே போறேன் மச்சான். உன் திரையப் பார்த்துட்டு உக்காந்திருந்தா அவ வனுவாட்டு நாட்டுக்கே போய்ச் சேர்ந்துருவா."

திரையில் ஒரு புள்ளிகூட இல்லை. ஆனால் பக்கத்தில், படகுகளின் செய்தியை வாங்கும் பெட்டியின் பச்சை விளக்கு சிமிட்டியது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும். செய்தி வந்தால்தான் அது சிமிட்டும். படகே இல்லாதபோது யார் அனுப்புகிறார்கள் என்று நான் கேட்டேன். மச்சான் தலையைத் தூக்காமல், எல்லாரும்தான் பெட்டியை அணைச்சுட்டாங்களே என்றார்.

"யாரு அணைச்சா?" என்றான் வாய்சேயா. "பொத்தான் எந்தப் பக்கம் இருக்குன்னே எனக்குத் தெரியாது."

மச்சான் தலையைத் தூக்கினார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வந்த செய்திகளைத் தான் எழுதிய கணினி நிரல் தொடாமல் வெறும் எண்களாகத் திரையில் கொட்டினார். முதலில் வாய்சேயாவின் படகு எண். அடுத்து ஒரு பூஜ்யம். அதற்குப் பின்னால் எண்கள், எண்கள்.

"பூஜ்யத்துக்குப் பின்னாடி எல்லாம் இருக்குடி தொரிகா," என்றார் என்னிடம். "நான்தான் அதோட நிறுத்திட்டேன்."

மச்சான் நிரல் எழுதிய சி மொழியில் எழுத்துச் சரம், அதாவது எழுத்துகளின் வரிசை, எவ்வளவு நீளம் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. முடிந்தது என்பதற்கு அடையாளமாகக் கடைசியில் ஒரு பூஜ்ய பைட் நிற்கும். அதைக் கண்டதும் படிப்பது நின்றுவிடும். பெயருக்கும் வாக்கியத்துக்கும் அது சரி, அவற்றின் நடுவே அந்தப் பைட் வராது. பெட்டி அனுப்புவதோ எண்கள்: படகு எண், வேகம், அதற்குப் பிறகு இடம். ஓடும் படகின் வேகம் எட்டு, பத்து. ஒன்றுக்குக் கீழே இறங்கினால் பெட்டி பூஜ்யம் என்று அனுப்பும். மச்சானின் நிரல் அந்தச் செய்தியையும் சரம் என்று எண்ணி நகலெடுத்தது. நின்ற படகின் இடத்தை அது படித்ததே இல்லை.

வாய்சேயா கரைக்குப் போய் இன்ஜினைக் கிளப்பி, திசைக்காகக் காத்திருந்தான். மச்சான் நகலெடுக்கும் வரியை மாற்றினார். எத்தனை பைட் வந்தது என்று ரேடியோவே சொல்கிறது, அத்தனையையும் எடு, பூஜ்யத்தைப் பார்த்து நிற்காதே. நிரலை ஓட்டினார். திரை காலியாகவே இருந்தது. கொட்டகையில் யாரோ ஜெபிக்கத் தொடங்கினார்கள். மச்சானின் விரல் வரிவரியாக இறங்கியது. செய்தி முழுசாக இருக்கிறதா என்று நீளம் பார்க்கும் வரி ஒன்று கீழே இருந்தது. அதுவும் பூஜ்யம் வரைதான் எண்ணியது, குறைகிறது என்று எல்லாவற்றையும் தூக்கி எறிந்தது. அதையும் மாற்றினார்.

பச்சை விளக்கு சிமிட்டியது. ஒரு புள்ளி வந்தது. எங்கள் கரையிலேயே இன்னொன்று, அப்புறம் ஒரு கொத்து. மீன் பிடிக்கப் போவதாக மனைவியிடம் சொல்லிவிட்டுப் போன ஆபிசாயின் படகு, பக்கத்து ஊரில் காவா என்ற மயக்க வேர்ச்சாறு குடிக்கும் கொட்டகைக்கு நேர் கீழே நின்றது. அவன் மனைவி அதைப் பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். சிரிக்க எங்களுக்கு நேரமில்லை. பவளத்திட்டுக்கு வெளியே, வடக்கே, யாரும் சொல்லாத திசையில் தனியாக ஒரு புள்ளி முளைத்தது.

அக்காவின் எண்.

நான் இடத்தைக் கைரேடியோவில் கத்தினேன். வாய்சேயாவின் புள்ளி கரையை விட்டுப் பிய்த்துக்கொண்டு கிளம்பியது. நான் எண்களைச் சொல்லச் சொல்ல அது வளைந்து, திட்டின் வாயைத் தாண்டி, வடக்கே நீண்டது. மச்சான் திரையைத் தொட்டுக்கொண்டே நின்றார். இரண்டு புள்ளிகளும் நெருங்கின. வாய்சேயாவின் வேகம் எட்டிலிருந்து மூன்றாயிற்று, பிறகு பூஜ்யம்.

இரண்டு புள்ளிகளும் மறையவில்லை.

ரேடியோ கரகரத்தது. வாய்சேயாவின் ரேடியோவிலிருந்து அக்காவின் குரல். இன்ஜின் செத்துவிட்டதாம், போன் நனைந்துவிட்டதாம். ரொம்ப தூரம் அடித்துப் போகாமலிருக்கக் காலிப் பீப்பாயில் தண்ணீர் நிரப்பிக் கயிற்றில் கட்டிப் பின்னால் இழுக்கவிட்டாளாம். அதனால்தான் படகு ஊர்ந்தது. அதனால்தான் வேகம் பூஜ்யம். மச்சான் இதையெல்லாம் அவளுக்குத் திக்கித் திக்கி விளக்கினார்.

அக்கா கடைசிவரை கேட்டாள்.

"அப்போ ஓடுற படகத்தான் காட்டுமா உன் பெட்டி?" என்றாள். "ஓடிட்டிருக்கிறவளுக்கு எதுக்கு மச்சான் பெட்டி?"

கொட்டகையே சிரித்தது. மச்சானும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. திரையில் இரண்டு புள்ளிகளும் ஒன்றாக நகரத் தொடங்கின. நான் கிழங்கை ஏற்றவில்லை. அக்கா வாசலில் வந்து நின்ற பிறகுதான் ஏற்றினேன்.