நான்காவது பிஸ்கட்

ஃபெர்புர்க் வரைந்த ‘சிரிக்கும் மீன்காரி’ மூன்றாவது முறையாகக் களவு போனபோது, காவலாளி ஹெர்மினா சமையலறையில் காபி குடித்துக்கொண்டிருந்தாள். முதல் இரண்டு முறையும் அங்கேதான் இருந்தாள். காலை பத்தரை மணிக்கு நெதர்லாந்தில் ஒரு மனுஷி வேறெங்கே இருப்பாள்?

முதல் திருட்டுக்குப் பிறகு அருங்காட்சியகக் குழு கூடி அலாரம் வைத்தது. பார்வையாளர்கள் தும்மினாலும் கத்துகிறது என்று பகலில் அதை அணைத்துவைத்தார்கள். இரண்டாவதற்குப் பிறகு கேமரா வந்தது. பதிவு செய்யும் கருவிக்குத் தனிச் செலவு என்பதால் அது வேண்டாமென்று முடிவாயிற்று. திரையை ஹெர்மினா பார்த்துக்கொண்டால் போதும். காபி நேரத்தை மாற்றலாம் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

படம் இரண்டு முறையும் திரும்பி வந்தது. ஹெர்மினாவின் நல்ல பெயர்தான் திரும்பி வரவில்லை. இம்முறை இயக்குநர் ரூலோஃப் போலீசிடம் நேரடியாகவே சொல்லிவிட்டார்:

“மூணு தடவையும் இந்தம்மாதான் டியூட்டி. நான் எதுவும் சொல்லல. நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.”

வேலைநீக்கக் கடிதம் தயாராகிவிட்டது. வெள்ளிக்கிழமை கையெழுத்து. இருபத்தாறு வருட வேலை.

இன்ஸ்பெக்டர் டைக்மன் அவளை இரண்டு நாள் விசாரித்தார்.

“பத்தரைக்கு எல்லாரும் சமையலறையில இருப்பீங்கன்னு யாருக்கெல்லாம் தெரியும்?”

“ஊருக்கே தெரியும் சார். அப்போ நீங்க எங்க இருந்தீங்க?”

டைக்மன் தொண்டையைச் செருமினார். “ஸ்டேஷன்ல. காபி குடிச்சிட்டிருந்தேன்.”

திருட்டு நடந்த அன்றே போலீஸ் பூட்டி சீல் வைத்திருந்த சமையலறையை வியாழக்கிழமை திறந்தார்கள். ஹெர்மினா தன் கோப்பையை எடுத்துப்போக வந்தாள். டிக்கெட் விற்கும் லீனெக்கவும் கூடவே வந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

“அழாதடி. அந்த டப்பாவை எடு, அது என்னுது.”

டப்பா கலகலத்தது. ஹெர்மினா மூடியைத் திறந்தாள். உள்ளே ஒரு பிஸ்கட்.

தினமும் காலையில் அவள் எண்ணி நான்கு போடுவாள். தனக்கு, லீனெக்கவுக்கு, தோட்டக்காரர் ஷாக்குக்கு, இயக்குநருக்கு. ஆளுக்கு ஒன்று, அதோடு மூடி விழுந்துவிடும்; இரண்டாவதாக ஒன்றை எடுப்பது அந்த ஊரில் வழக்கமே இல்லை. இயக்குநர் மட்டும் கீழே வந்து காபியையும் தன் பங்கையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார்; பேச்சு சுவாரசியத்தில் அவர் வந்தாரா இல்லையா என்று யாரும் கவனிப்பதில்லை.

“லீனெக்க, அன்னிக்கு நீ எடுத்தியா?”

“எடுத்தேன்க்கா. ஷாக் அண்ணனும் உடைஞ்சதைக் குடுத்துட்டீங்கன்னு சண்டை போட்டாரே.”

ஹெர்மினா டப்பாவோடு மாடி ஏறினாள். இயக்குநர் அறையில் டைக்மன் உட்கார்ந்திருந்தார். டப்பாவை அவர் முன்னால் வைத்து விஷயத்தைச் சொன்னாள். டைக்மன் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு ரூலோஃபிடம் திரும்பினார்.

“சார், அன்னிக்கு நீங்க பிஸ்கட் எடுக்கலையா?”

“எனக்கு… வேண்டாம்னு விட்டுட்டேன்” என்றார் ரூலோஃப்.

“சும்மா கிடைக்கிற பிஸ்கட்டையா?”

“வயிறு சரியில்ல.”

“‘பத்தரைக்குக் கீழ போய்க் காபியும் பிஸ்கட்டும் எடுத்துட்டு வந்து ரூம்ல உட்கார்ந்து சாப்பிட்டேன்’னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே.”

ரூலோஃப் பிஸ்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்துத் தொலைத்திருக்கலாம் என்று அவர் நினைத்தது முகத்தில் அப்படியே தெரிந்தது.

மாலைக்குள் அவர் வீட்டு சைக்கிள் கொட்டகையில் மழைக்கோட்டுக்குள் மீன்காரி அகப்பட்டாள். அங்கேயும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

வெள்ளிக்கிழமை குழு கூடியது. கடிதத்தைக் கிழித்தார்கள். காபியைப் பதினொன்றுக்கு மாற்றலாமா என்று ஹெர்மினா கேட்டாள். குழுத்தலைவர் அதிர்ந்து போனார். “அதெப்படிம்மா முடியும்?” கடைசியில் படத்தைச் சமையலறையிலேயே, காபி மேசைக்கு மேலே மாட்டுவது என்று தீர்மானமாயிற்று. மன்னிப்புக் கேட்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

திங்கட்கிழமை பத்தரைக்கு மூவரும் மீன்காரிக்குக் கீழே உட்கார்ந்தார்கள். பழக்கதோஷத்தில் ஹெர்மினா நான்கு போட்டிருந்தாள். டப்பா சுற்றி வந்தது. அவள் மூடியை எடுத்தாள், மூடாமல் கீழே வைத்தாள், எல்லோரும் பார்க்க இரண்டாவது பிஸ்கட்டை எடுத்துக் கடித்தாள்.

ஷாக் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.