அரை ஷேட் குறைந்த அக்கா

ஜாக்கெட்டில் பஃப் கை திரும்ப வந்துவிட்டது என்று செவ்வாய்க்கிழமை பேப்பரில் போட்டிருந்தார்கள். நான் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு அக்காவை அழைத்துவரக் கிளம்பினேன்.

எங்கள் ஊரில் ஒரு ஃபேஷன் திரும்பி வந்தால் அதைப் போட்டவர்களும் கூடவே வருவார்கள். ஃபேஷன் போகும்போது போய்விடுவார்கள். போன வருஷம் பெரிய வட்டக் கம்மல் வந்தது. எதிர் வீட்டு நாகரத்தினத்தின் செத்துப்போன நாத்தனார் வந்து மூன்று மாதம் இருந்தார். கம்மல் சின்னதானதும் போய்விட்டார். நாகரத்தினம் அவர் சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வேலையைப் பார்த்தார். இதற்கெல்லாம் உட்கார்ந்து அழுதால் ஊரில் ஒரு வேலையும் நடக்காது.

என் அக்கா மனோரஞ்சிதம் 1989இல் மஞ்சள் காமாலையில் இறந்தாள். அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது. எனக்குப் பதினாறு. இப்போது எனக்கு ஐம்பத்தொன்று. அவளுக்கு அதே இருபத்து மூன்றுதான்.

அக்கா தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் வேலை பார்த்தாள். அவள் போட்டதெல்லாம் பிளாட்பாரத்துச் சாமான். பாலியஸ்டர் பூனம் சேலை, காதில் பிளாஸ்டிக் வளையம், ஸ்டிக்கர் பொட்டு, சேலைக்குச் சேலை நிறம் மாறுகிற ரப்பர் வளையல். ஆனால் அவள் தெருவில் நடந்தால் நகைக்கடைக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். கவரிங் வாங்கினால் முன்பக்கத்தைப் பார்க்காதே, பின்பக்கத்தைப் பார் என்பாள். கண்ணாடி வளையலை வாங்குமுன் காதருகே ஆட்டிக் கேள் என்பாள். ஜாக்கெட் துணியை ஒருபோதும் டியூப்லைட்டில் மேட்ச் பார்க்காதே, வெயிலில் கொண்டுபோய்ப் பார் என்பாள். ஜாக்கெட்டை அவளே தைத்துக்கொள்வாள். பஃப் வைத்தால் அவளைப் போல வைக்க ஆள் கிடையாது. அவள் வாசலைக் கடக்கும்போது சற்றுத் திரும்பித்தான் கடக்க வேண்டியிருக்கும்.

அவளிடம் நான் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது.

பள்ளி ஆண்டு விழா அன்று நான் ரிப்பனை வீட்டில் மறந்துவிட்டேன். அக்கா எடுத்துக்கொண்டு வந்தாள். கேட்டில் என்னோடு ரோஸ்லின் நின்றிருந்தாள். ரோஸ்லினுக்கு எல்லாத் துணியும் மெட்ராஸிலிருந்து வரும். அவள் என் அக்காவின் பஃப் கைகளைப் பார்த்துவிட்டு, "யாருடி இது?" என்றாள். "எங்க வீட்டுக்குத் தைக்க வர்றவங்க" என்றேன். அக்கா ஒரு நொடி நின்றாள். "ஆமாம்மா" என்றாள். ரிப்பனைக் கொடுத்துவிட்டுப் போனாள். வீட்டில் அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நாற்பது நாளில் படுத்தாள், போய்விட்டாள். அந்த வார்த்தை முப்பத்தைந்து வருஷமாக என் தொண்டையில் மீன் முள்ளாக நிற்கிறது.

அழைத்துவருகிற இடம் என்.எஸ்.பி. ரோட்டில் உள்ள ஒரு மேட்சிங் சென்டர். சேலையைக் கொண்டுபோக வேண்டும். அதற்குச் சரியான ஜாக்கெட் துணி எடுத்தால் சரியான ஆள் வருவார். அக்காவின் வெங்காயத் தோல் கலர் சேலையை மஞ்சள் பையில் வைத்து எடுத்துப்போனேன்.

கவுன்டரில் இருந்தவர் பெயர் கலியமூர்த்தி. சட்டைப் பையில் பேட்ஜ் இருந்தது.

"மேட்சிங்கா, கான்ட்ராஸ்டா?" என்றார்.

"மேட்சிங்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நேத்து ஒரு அம்மா கான்ட்ராஸ்ட் எடுத்தாங்க. அவங்க அம்மாவுக்குப் பதிலா மாமியார் வந்துட்டாங்க."

"மேட்சிங்தான்."

ஒரு படிவம் கொடுத்தார். கழுத்து வட்டமா, பானையா என்று கேட்டிருந்தது. கொக்கி முன்னாலா, பின்னாலா என்று கேட்டிருந்தது. இறந்த தேதி கேட்டிருந்தது. லைனிங் உண்டா என்று கேட்டிருந்தது. வருபவர் உங்களை அடையாளம் காண வேண்டிய அவசியம் உள்ளதா என்று கடைசியில் இருந்தது. இதென்ன கேள்வி என்று நினைத்து அதை நிரப்பாமல் விட்டேன்.

கலியமூர்த்தி என்னைத் துணி அடுக்குகளுக்கு நடுவே அழைத்துப்போனார். சிவப்பிலேயே அரை மணி நேரம் நடந்தோம். அரக்கிலிருந்து மெரூனுக்குப் போக ஒரு பாலம் ஏற வேண்டியிருந்தது. பாக்கு கலரில் சிலர் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து உட்கார்ந்திருந்தார்கள். ரோஸ் நிறம் ஆரம்பித்ததும் நடைபாதை நீண்டது. நடக்க நடக்க இன்னும் நீண்டது. கலியமூர்த்திக்கு அது பழக்கம்தான் போலிருந்தது. போகிற போக்கில் ஒரு துணியை உருவித் தோளில் போட்டுக்கொண்டார்.

கவுன்டருக்குத் திரும்பியதும் அதைச் சேலையோடு வைத்தார். ஒட்டிக்கொண்டது.

"வெயில்ல பாக்கணும்" என்றேன்.

"வெயிலுக்கு டோக்கன் எடுக்கணும்."

வெளியே எட்டிப் பார்த்தேன். தெரு முழுக்கத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். ஒரே ஒரு ஓட்டையில் மட்டும் பாய் அகலத்துக்கு வெயில் விழுந்தது. அதைச் சுற்றி நானூறு பெண்கள் ஆளுக்கொரு சேலையோடு நின்றார்கள். ஒருத்தி உள்ளே போய்த் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மற்றவர்கள் அவளைத் திட்டினார்கள்.

எனக்குப் பக்கத்தில் இருந்த காலேஜ் பெண் போனைப் பார்த்துக்கொண்டே, "பஃப் எல்லாம் ஒரு வாரம் தாங்குனா பெருசு ஆன்ட்டி. அடுத்து ஸ்லீவ்லெஸ்" என்றாள்.

நான் டோக்கன் வரிசையை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கவுன்டருக்குத் திரும்பினேன்.

"டியூப்லைட்ல ஒட்டுதுல்ல. அப்புறம் என்னம்மா?" என்றார் கலியமூர்த்தி. கத்திரிக்கோல் கையில் இருந்தது. "வெட்டிட்டா மாத்த மாட்டோம். சொல்லிட்டேன்."

"வெட்டுங்க" என்றேன்.

பில் போட்டார்கள். டெலிவரி கவுன்டரில் சீல் குத்தினார்கள். அங்கே அக்கா நின்றிருந்தாள். வெங்காயத் தோல் கலர் சேலை, பிளாஸ்டிக் வளையம், தர்பூசணி அளவுக்கு இரண்டு கைகள். கழுத்தில் தையல்காரர்களின் டேப்.

"அக்கா" என்றேன்.

"வாங்கக்கா. நீங்கதான் தமயந்தி அக்காவா? எத்தனை ஜாக்கெட் தைக்கணும்?" என்றாள்.

அப்போதுதான் ஜாக்கெட் துணியைக் கவனித்தேன். வாசல் வெளிச்சத்தில் அது சேலையைவிட அரை ஷேட் குறைவாக இருந்தது.

பஸ்ஸில் கண்டக்டர் அவள் கைகளுக்குத் தனியாக டிக்கெட் கேட்டார். எடுத்தேன். அவள் ஜன்னல் வழியாக மலைக்கோட்டையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அதே கழுத்து. அதே மச்சம். உறையூரில் இறங்கும்போது, "பாத்து இறங்குங்கக்கா" என்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அதே கைதான். ஆனால் ஒரு வயதான பொம்பளையைப் பிடிக்கிற மாதிரி பிடித்தாள்.

வீட்டில் சுவரில் மாட்டியிருந்த அவள் போட்டோவைக் காட்டினேன்.

"யாரு இவங்க?"

"எங்க அக்கா."

"அழகா இருக்காங்க. பஃப் நல்லா வந்திருக்கு. யாரு தைச்சது?"

"அவங்களே."

"அப்படியா" என்று போட்டோவுக்குக் கிட்டே போய்க் கையின் சுருக்கத்தை எண்ணிப் பார்த்தாள்.

அவள் என்னோடு இருந்தாள். மாவரைத்தாள், துணி மடித்தாள், தைத்தாள். தெருப் பெண்கள் எல்லோரும் அளவு ஜாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ரசத்தில் உப்புப் பார்க்கும்போது ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டாள். அக்கா அப்படித்தான் மூடுவாள். நான் அடுப்படியை விட்டு வெளியே வந்து கொஞ்ச நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாகவும் அவ்வளவு கஷ்டமாகவும் இருந்தது.

காலை ஏழு மணிச் செய்தியில் மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைச் சொன்ன கையோடு பஃப் கையின் உயரத்தையும் சொன்னார்கள். புதன்கிழமை ஆறு அங்குலம். வெள்ளிக்கிழமை நான்கு. ஞாயிற்றுக்கிழமை இரண்டரை. அவளுடைய கைகளும் தினமும் அதற்கேற்ப இறங்கின. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாயங்காலத்தில் அவளுக்குப் பின்னால் இருந்த காலண்டரின் தேதி அவள் வழியாகத் தெரிய ஆரம்பித்தது.

"உங்களுக்கு ஒண்ணுமே தைக்கலையேக்கா" என்பாள்.

"அப்புறம் பாத்துக்கலாம்" என்பேன். அளவு எடுக்கிற அவ்வளவு பக்கத்தில் அந்த முகம் வந்தால் சொல்ல வந்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எனக்குத் தைரியம் இல்லை. அதுதான் உண்மை.

செவ்வாய்க்கிழமை காலை முக்கால் அங்குலம் என்றார்கள். அன்றும் லீவு போட்டேன்.

"எனக்கு ஒண்ணு தைங்க. பஃப் வச்சு" என்றேன்.

"வாங்க, நில்லுங்க" என்றாள். டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தாள். தோளை அளந்தாள். முதுகை அளந்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்கக்கா."

சொன்னேன். கேட், ரிப்பன், ரோஸ்லின், எல்லாம் சொன்னேன். எங்க அக்காவைப் போய்த் தைக்க வர்றவங்கன்னு சொல்லிட்டேன் என்றேன். அவள் என் கழுத்து அளவை நோட்டில் எழுதினாள்.

"சரி. அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"அசிங்கமா இருந்துச்சு. அதான் அப்படிச் சொன்னேன்."

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"தைக்கிறவங்கன்னு சொல்றதுல என்னக்கா அசிங்கம்?"

அவள் டேப்பைத் திரும்பக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"நான் தைக்கிறவதான். ஒரு வாரமா உங்க வீட்டுல உக்காந்து சாப்பிடுறேன். என்னையும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தீங்களா?"

அவள் மூக்கு நுனி சிவந்திருந்தது. அக்காவுக்கு மனசு நொந்தால் அப்படித்தான் சிவக்கும். அன்றைக்குக் கேட்டில் சிவந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் ரோஸ்லினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மன்னிச்சிடுங்க" என்றேன்.

முப்பத்தைந்து வருஷமாக வராத வார்த்தை சடாரென்று வந்துவிட்டது. ஆளும் தவறு, காரணமும் தவறு. முகம் மட்டும் சரியாக இருந்தது. நான் அந்த முகத்தைப் பார்த்து இன்னொரு தடவை சொன்னேன். பிறகு நிறுத்த முடியவில்லை. மூக்கு ஒழுக ஒழுகச் சொன்னேன். பள்ளிக்கூடப் பெண் மாதிரி தேம்பினேன்.

அவள் நான் முடிக்கிறவரை காத்திருந்தாள். முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். பூனம் சேலை துளிக்கூட ஈரத்தை உறிஞ்சவில்லை.

"சரி, விடுங்க. கையைத் தூக்குங்க" என்றாள்.

வலது கையைத் தூக்கினேன். அவள் டேப்பை என் விலாவைச் சுற்றிக் கொண்டுவந்தாள். நான் வழக்கம்போல வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"மூச்சை இழுக்காதீங்க. இருக்கிறபடி இருங்க."

மூச்சை விட்டேன். அவள் தலை என் தோளுக்குக் கீழே இருந்தது. தேங்காய் எண்ணெய் வாசனை அடித்தது. "முப்பத்து..." என்று ஆரம்பித்தாள். தெருவில் யாரோ ஒரு பெண் கையில்லாத சுடிதாரில் நடந்துபோனாள். டேப் தரையில் விழுந்தது.

அறையில் நான் மட்டும் இருந்தேன். நோட்டில் தோள், முதுகு, கழுத்து மூன்றும் அவள் கையெழுத்தில் இருந்தன. அடுத்த வரியில் எதுவும் இல்லை.

புதன்கிழமை ஆபீசுக்குப் போனேன். இடது கையால் ஃபைல் பார்த்தேன். மேனேஜர் இரண்டு தடவை, "என்ன சந்தேகம், சொல்லுங்க மேடம்" என்றார். சந்தேகம் எதுவும் இல்லை என்றேன். பஸ்ஸில் மட்டும் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. எல்லோரும் கம்பியைப் பிடித்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் நாகரத்தினம் தோசை மாவு கொடுக்க வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எவ்வளவு நேரமா கையைத் தூக்கிக்கிட்டு நிக்கிற?"

"நேத்துலேர்ந்து."

"வலிக்கலையா?"

"வலிக்குது."

"இறக்கித் தொலையேன்."

"அவங்க இன்னும் இறக்கச் சொல்லல" என்றேன்.