அதே பச்சையில் இன்னொன்று

தையல்காரி காலையில் எழுந்ததும் முதலில் பார்ப்பது அடுப்பை அல்ல, சன்னலோரத்துப் பிளாஸ்டிக் பெட்டியை. பத்து நாளாக அப்படித்தான். பெட்டிக்குள் இரண்டு விரல் உயரத்துக்கு மணல், நடுவில் ஒரு பிளாஸ்டிக் மரம், பாட்டில் மூடி ஒன்றில் தண்ணீர், அப்புறம் இரண்டு சங்கு நண்டுகள். யாரோ விட்டுப்போன சங்குக்குள் உடம்பைச் செருகிக்கொண்டு, வீட்டை முதுகில் சுமந்தபடியே திரியும் நண்டுகள். ஒன்றின் சங்குக்குப் பச்சைச் சாயம் பூசி, மேலே மஞ்சள் நட்சத்திரம் வரைந்திருந்தது. மற்றதுக்குச் சிவப்பு. பச்சைக்கு மூட்டை என்றும், அடிக்கடி கிரீச்சென்று சத்தம் போடும் சிவப்புக்கு முணுமுணு என்றும் மகள் பேர் வைத்திருந்தாள்.

அன்று மூட்டை ஒரு மூலையில் பாதி உடம்பு சங்குக்கு வெளியே தொங்கக் கிடந்தது. கால்கள் வெளிறித் துவண்டிருந்தன. தையல்காரி கத்தரியின் மழுங்கிய பக்கத்தால் மெல்லத் தொட்டுப் பார்த்தாள். அசைவே இல்லை.

நண்டுக்காக மட்டுமா அவள் பயந்தாள்? இரண்டு வருஷத்துக்கு முன்னால் வீட்டுப் பூனை வண்டியில் அடிபட்டுச் செத்தபோது மகள் நான்கு நாள் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடந்தாள். கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஊசி வழியாகத்தான் குளுக்கோஸ் ஏறியது. பிள்ளையின் அப்பா வேலைக்காக வெளியூரில் இருந்தார். ராவும் பகலுமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் இவள் ஒருத்திதான். இனி என் பிள்ளை ஒரு சாவைப் பார்க்கக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தாள். போன வருஷம் தொட்டி மீன் செத்தபோது, மகள் பள்ளிவிட்டு வருவதற்குள் அதே நிறத்தில் இன்னொன்றை வாங்கி விட்டுவிட்டாள். காதும் காதும் வைத்தாற்போல் காரியம் முடிந்தது. அவள் தொழிலும் அதுதானே! எந்தத் துணி எப்படிக் கிழிந்து வந்தாலும், கிழிந்த சுவடு தெரியாமல் தைத்துக் கொடுப்பதில் அந்தத் தெருவில் அவளை மிஞ்ச ஆள் இல்லை.

மகள் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். தையல்காரி அவசரமாக மூட்டையை எடுத்து நீல லைனிங் துண்டு ஒன்றில் சுற்றினாள். ஏனோ வெறுமனே போட மனம் வரவில்லை. நூலால் ஒரு முடிச்சும் போட்டு, தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.

"அம்மா, மூட்டை எங்க?"

"மணலுக்குள்ள பூந்து தூங்குதுடி. நோண்டாத. நேரமாச்சு, கிளம்பு."

மகள் மணலைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு போனாள்.

கடையில் அன்று தையல்காரிக்கு ஊசியில் நூல் கோக்கவே மூன்று தடவை ஆனது. மணி பன்னிரண்டு அடித்ததும், சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் பேருந்து நிலையத்து வாசலுக்கு ஓடினாள். நண்டுகளை அவளுக்கு விற்ற சங்குக்காரர் வழக்கமான இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். முன்னால் கம்பிக்கூண்டில் நீலமும் சிவப்பும் ஆரஞ்சுமாய் நண்டுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன.

"அண்ணே, பச்சையில மஞ்சள் நட்சத்திரம் போட்டது ஒண்ணு வேணும். இந்தா, இவ்ளோ பெருசு."

சங்குக்காரர் சிரித்தார். "செத்துப்போச்சாக்கா? பாப்பாவுக்குத் தெரியக் கூடாது, அதானே? வாரத்துக்கு நாலு அம்மா வர்றாங்க. அதுக்காகத்தான் டிசைனையே மாத்துறதில்ல நானு."

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கூண்டுக்குள் பச்சையைத் தேடினாள்.

"நட்சத்திரம் போட்ட சங்கு இருக்கு. ஆளுதான் உள்ள இல்ல. ரெண்டு நிமிஷம் பொறுங்க, குடி வெச்சுத் தரேன்." பக்கத்து வாளியிலிருந்து சாயம் பூசாத நண்டு ஒன்றை எடுத்துக் கல்லின் மேல் வைத்தார். இன்னொரு கையில் சின்னச் சுத்தியல்.

"என்ன செய்யறீங்க?"

"தானா வெளிய வராதுக்கா. பழைய வீட்டை உடைச்சாத்தான் புது வீட்டுக்குள்ள போகும். இல்லன்னா வெயில்ல கருகிடுமில்ல, வேற வழி?"

சுத்தியல் இறங்கியது. சங்கில் ஒரு கீறல் ஓடியது. கீறலுக்குள் இளஞ்சிவப்பாய், தோல் மூடாத புண்ணைப் போல, ஏதோ ஒன்று சுருங்கியது. இரண்டாவது அடிக்குக் கை உயர்ந்தபோது அவள் அந்தக் கையைப் பிடித்தேவிட்டாள்.

"வேணாம்ணே! வேணாம், விடுங்க!"

"அட, என்னக்கா நீங்க! நீங்கதானே பச்சை கேட்டீங்க?"

ஆமாம், இவள்தானே கேட்டாள். திரும்பி நடக்கப் போனவளை அவர் குரல் நிறுத்தியது.

"செத்துச்சுன்னு எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க? அழுகின மீன் நாத்தம் அடிச்சுதா?"

"நாத்தமா? இல்லியே. கால் தொங்கிச்சு, அசையல. அவ்ளோதான்."

"அப்ப சாகல. தோல் உரிக்குது." ஊர்க்கதை பேசுவதுபோல் சொன்னார். "வளர்றப்ப சட்டையைக் கழட்டுற மாதிரி மேல்தோட்டைக் கழட்டும். வாரக்கணக்குல பொணமாட்டம் கெடக்கும். ஆழமா மணல் இருந்தா உள்ள புதைஞ்சு யாருக்கும் தெரியாம முடிச்சுக்கும். மணல் இல்லாட்டி மேலயே கெடக்கும். எடுத்துத் தூக்கிப் போட்டீங்களா என்ன?"

தையல்காரி கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "வாங்குறப்ப ரெண்டு சொட்டுத் தண்ணி போதும், வேற ஒண்ணும் வேணாம்னீங்களே!"

"இதையெல்லாம் மொதல்லயே சொன்னா எவன் வாங்குவான்?"

பொய் சொன்னவரின் கூச்சம் அவர் முகத்தில் கொஞ்சமும் இல்லை. காலையில் மகளிடம் பேசியபோது தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. "இப்பவாச்சும் சொல்லுங்க. ஒண்ணு விடாம சொல்லுங்க" என்றாள். அவர் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டு ஓடினாள். ஓடும்போதுதான் நினைவு வந்தது. குப்பை வண்டி பன்னிரண்டரைக்கு வரும்.

தெருமுனைக்கு வந்தபோது தொட்டி காலியாய்க் கவிழ்ந்து கிடந்தது. வண்டி அடுத்த தெருவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. கையை ஆட்டிக்கொண்டே ஓடி அதன் பின்பலகையைத் தட்டினாள்.

வண்டிக்கார அம்மா கையுறையோடு இறங்கினாள். "என்னம்மா, மூச்சு வாங்குது? தாலிக்கொடி கிலிக்கொடி விழுந்துடுச்சா?"

"இல்லக்கா... நீலத் துணியில ஒரு முடிச்சு. உள்ள நண்டு."

"நண்டா? சமையலுக்கா?"

"வளக்குறது."

வண்டிக்கார அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். சிரிக்கவில்லை. "பிள்ளைங்களுக்கு லீவு முடிஞ்ச மறுநாள் வந்து பாரு எங்க வண்டிய. சாயம் அடிச்ச கோழிக்குஞ்சு வரும், முயல்குட்டி வரும், ஆமை வரும். செத்ததும் வரும், மூச்சு இருக்கறதும் வரும். தேடிட்டு யாரும் வந்ததில்ல. நீதான் மொத ஆளு." சொல்லிக்கொண்டே வண்டியிலிருந்த குப்பையின் மேலடுக்கை நீண்ட கம்பியால் கிளறினாள். "இதோ பாரு, இவ்வளவு அழகா முடிச்சுப் போட்டுக் குப்பையில போடுறது யாருடான்னு அப்பவே நெனச்சேன்."

தையல்காரி நடைபாதையிலேயே உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தாள். மூட்டை அப்படியே கிடந்தது. மூக்கருகே கொண்டுபோனாள். ஈர மணல் வாசம் மட்டும்தான் வந்தது. கூர்ந்து பார்த்தபோது, மெலிந்த உணர்கொம்பு ஒன்று நூல் முனை காற்றில் ஆடுவதுபோல் ஒரே ஒரு தடவை அசைந்தது. அது காற்றுதானா, உயிர்தானா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

பிற்பகல் அவள் கடைக்குப் போகவில்லை. பரணில் கிடந்த பழைய கண்ணாடித் தொட்டியை இறக்கிக் கழுவினாள். ஒரு சாண் ஆழத்துக்கு மணல் போட்டு, கையில் பிடித்தால் உதிராத பதத்துக்கு நனைத்தாள். குழாய்த் தண்ணீரில் கலந்திருக்கும் குளோரின் நண்டுக்கு ஆகாதாம். மீன் கடையில் விற்கும் சொட்டு மருந்தால் அதை முறித்து ஒரு கிண்ணத்தில் நல்ல தண்ணீரும், மீன்தொட்டிக்கென விற்கும் உப்பைக் கரைத்து இன்னொரு கிண்ணத்தில் உப்புத் தண்ணீரும் வைத்தாள். வளர்ந்தால் மாறிக்கொள்ளச் சாயம் பூசாத காலிச் சங்குகள் ஐந்தாறு, ஏறி விளையாட ஒரு மரக்கிளை, உள்ளே ஈரம் தங்க ஒரு மூடி. தோல் உரிக்கும் நண்டை மற்றது கடித்துவிடும் என்பதால், மூடியில்லாத ஒரு பெரிய பாட்டிலின் அடியை அறுத்து மூட்டையின் மேல் கவிழ்த்து, அடிவரை மணலில் அழுத்தி, இருட்டாக இருக்கத் துணியும் போர்த்தினாள்.

மாலையில் மகள் வந்தாள். புதுத் தொட்டியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

பூனை செத்தபோது பார்த்த ஆஸ்பத்திரிக் கட்டில் தையல்காரியின் கண்முன் வந்து நின்றது. இருந்தும் சொன்னாள். "காலையில பொய் சொன்னேன்டி. மூட்டை செத்துடுச்சுன்னு நெனச்சுக் குப்பையில போட்டேன். அதே மாதிரி வேற ஒண்ணு வாங்கப் போனேன். இப்ப திருப்பிக் கொண்டாந்துட்டேன். பொழைக்குமான்னு தெரியாது."

"தெரியும்" என்றாள் மகள்.

"என்ன தெரியும்?"

"ரெண்டு விரல் மணலுக்குள்ள மூட்டை எப்படிம்மா பூந்து தூங்கும்? அதோட சங்கே அதைவிட உயரம்." தொட்டியருகே வந்து குனிந்தாள். "மீனை மாத்துனதும் தெரியும். பழைய மீனுக்கு வாலுல ஒரு கிழிசல் இருந்துச்சு."

"அப்பவே ஏன்டி கேக்கல?"

"நீ ரொம்பக் கஷ்டப்பட்டு மாத்தியிருந்த. கேட்டா அழுவன்னு..." சட்டென்று அம்மாவின் பக்கம் திரும்பினாள். "நான் தொலைஞ்சு போனா, இதே கலர் சட்டையில வேற பொண்ணக் கூட்டிட்டு வந்துடுவியாம்மா?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் கேட்டு முடிப்பதற்குள் அவளுக்கே அழுகை வந்துவிட்டது. தையல்காரி அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். இருவரும் அழுதார்கள். அழுது முடித்து மகள் இரண்டு வாய் சாப்பிட்டாள். பிறகு அவளே தட்டில் இன்னும் கொஞ்சம் கேட்டாள்.

அதன் பிறகு வந்தவை நீண்ட நாட்கள். தினமும் துணியை விலக்கி, தொடாமல், மோந்து மட்டும் பார்த்தார்கள். நாற்றம் இல்லை என்றால் அன்றைக்கு நிம்மதி. சில நாள் இருப்பதுபோலவும் இல்லாததுபோலவும் தோன்றும். அன்றெல்லாம் இரண்டு மூன்று தடவை மோந்து பார்ப்பார்கள். முப்பத்து நான்காம் நாள் பாட்டிலுக்குள் உதிர்ந்த மேல்தோடு சிதறிக் கிடந்தது. அதைத் தின்றுகொண்டு, மினுமினுக்கும் புதுக்கால்களோடு மூட்டை உட்கார்ந்திருந்தது. அடுத்த வாரமே பச்சைச் சங்கை விட்டு வெளியே வந்து, சாம்பல் நிறச் சங்கு ஒன்றில் தானாகக் குடியேறியது. யாரும் எதையும் உடைக்கவில்லை.

காலியான பச்சைச் சங்கைத் தையல்காரி கடை மேசைமேல் வைத்துக்கொண்டாள். ஒரு நாள் பிள்ளையின் கவுனை அளவு குறைக்கக் கொண்டுவந்த பெண் அதைப் பார்த்துவிட்டாள்.

"ஐய, கலர் நண்டுச் சங்கா! எங்க கெடைக்குதுக்கா? என் பொண்ணு ஒரே அடம். செத்தா இன்னொண்ணு வாங்கிக்கலாம், பெருசா செலவில்லன்னாங்க."

தையல்காரி ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"கவுன் கிழிஞ்சா என்கிட்ட கொண்டா, தெரியாம தெச்சுத் தரேன். உயிருக்கு அப்படி ஒட்டுப் போட முடியாதும்மா. ஒண்ணு போனா அதே கலர்ல இன்னொண்ணுங்கறது பொம்மைக்குத்தான். வாங்குறதுக்கு முன்னாடி அதை வளக்கத் தெரியுமா, வளக்க நேரமிருக்கான்னு உன்னையே கேட்டுக்கோ. இல்லன்னா வாங்காத. நாம வாங்காட்டி விக்கிறவங்க நண்டோட வீட்டை உடைக்க மாட்டாங்க. பிள்ளை அழட்டும், பரவால்ல. அழுதா பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. நாம பொய் சொல்றோம்னு தெரிஞ்சும் நமக்காக வாயை மூடிக்குது பாரு, அதுதான் பிள்ளைக்கு ஆகாது."

அந்தப் பெண் பச்சைச் சங்கைக் கையில் எடுத்துப் புரட்டினாள். பளபளப்பான சாயத்துக்கு அடியில், விளிம்போரம், முன்பு அதில் குடியிருந்ததை வெளியேற்றிய சுத்தியல் அடியின் வடு தெரிந்தது. மெல்ல மேசைமேல் வைத்துவிட்டு, "கவுன் எப்பக்கா கிடைக்கும்?" என்று மட்டும் கேட்டாள்.