லவீனியாவுக்கு ஒரு நடுப்பெயர்

தேயிலைப் பெட்டியின் பலகையிலிருந்த கறுப்பு எழுத்துகளை உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டிக்கொண்டிருந்தான் கொர்னேலியஸ். தோட்டத்தின் பெயரும் எடையும் அச்சடித்த எழுத்துகள். சண்டைக்கு முன்பு இந்தப் பெட்டிகளைக் கணக்குப் பார்த்து லோரியில் ஏற்றி அனுப்பிய கிராணி அவன்தான். துரை குடும்பத்தோடு சிங்கப்பூருக்கு ஓடி, ஜப்பான்காரன் மலையேறி வந்த பிறகு ஃபேக்டரி மூடிவிட்டது. பெட்டிகளெல்லாம் அடுப்புக்குப் போய்விட்டன. மிஞ்சியது இது ஒன்றுதான். மூன்று நாள் பிள்ளைக்கு இதில் பாதியே போதும்.

எழுத்து போகவில்லை. மை மரத்துக்குள் இறங்கியிருந்தது.

"விடு தம்பி. மண்ணுக்குள்ள போறதுதானே. யாரு படிக்கப் போறா?" என்றாள் தெரசம்மாள். அவனுடைய அக்கா. தோட்டத்துக் கிறிஸ்தவ லயத்து வரிசை வீடுகளில் பிள்ளைப்பேறு பார்ப்பதும் அவள்தான்.

அவன் கண்ணாடியைக் கீழே போட்டான். "சிலுவைக்கு ரெண்டு சட்டம் எடுத்து வெச்சிருக்கேன். பேரு எழுதணும்."

சுரண்டி விழுந்த மரத்தூளைத் தெரசம்மாள் காலால் ஒதுக்கினாள்.

"ஞானஸ்நானத் தண்ணி ஊத்திட்டேன்னு சொன்னியே, என்ன பேரு சொல்லி ஊத்துனே?"

"மரியாள்."

கொர்னேலியஸ் நிமிர்ந்து பார்த்தான்.

"நீ பாலு டின்னு தேடிக்கிட்டு ரிங்லெட்டுக்குப் போயிட்ட. ஜப்பான்காரன் ரோட்ட மூடிட்டான், நீ வரல. கத்தரீன் காய்ச்சல்ல நெனவில்லாம கெடந்தா. பிள்ளைக்கு மூச்சு வாங்குது. சாமியார் இந்த மலைக்கு வந்து ரெண்டு வருசமாச்சு. நான் யாரக் கேக்க? நீங்க ரெண்டு பேரும் ஆறு மாசமா பேரு பேருன்னு பேசுனீங்க, ஒண்ணுகூட என் வாயில நொழையல. அந்த நேரத்துல மாதா பேருதான் வந்துச்சு."

அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து உண்டான பிள்ளை. துரை போன பிறகு பங்களாவில் கிடந்த துரைசாணியின் நாவல்களை, மழைக்கும் அடுப்புக்கும் போகாமல், கொர்னேலியஸ் மூட்டையாகக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தான். மரவள்ளிக் கிழங்கைத் தின்றுவிட்டு, பசி அடங்காத சாயங்காலங்களில், அவற்றிலிருந்து மனைவி கத்தரீனுக்கு வாசித்துச் சொல்வான். பெண்பிள்ளைதான் என்று இருவருக்கும் எப்படியோ உறுதி. அடிலெய்ட், செலஸ்டீன், இசபெல்லா என்று பெயர் பெயராக எடுத்துச் சொல்லிப் பார்த்து, கடைசியில் லவீனியாவில் வந்து நின்றார்கள். கத்தரீனுக்கும் அது பிடித்திருந்தது. தண்ணி ஓடுற மாதிரி இருக்கு என்றாள்.

ஆனால் ஒரு பெயர் போதாது என்றான் அவன். துரைமார் வீட்டுப் பிள்ளைகளுக்கு நடுவிலே இன்னொரு பெயர் உண்டு. முதல் பெயர் நீளமாக இருந்தால் நடுப்பெயர் சின்னதாக இருக்கவேண்டும். லவீனியா கிரேஸ். லவீனியா மே. லவீனியா ரூத். ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லி, பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடுவதுபோல் அழைத்துப் பார்ப்பான்.

"லவீனியா வேலாயி," என்றாள் கத்தரீன் ஒருநாள்.

அவன் சிரித்துவிட்டான். "பட்டுப்பொடவைக்குச் சாக்குல முந்தானை வெச்ச மாதிரி இருக்கு."

கத்தரீன் சிரிக்கவில்லை. வேலாயி அவள் அம்மா. இந்த மலையில் காடு வெட்டித் தேயிலை போட்ட காலத்தில் மண் சரிந்து செத்துப்போனவள். அப்போது கத்தரீனுக்குப் பத்து வயது. ஈப்போவிலிருந்த கன்னியாஸ்திரிகள் கொண்டுபோய் வளர்த்து, வேதத்தில் சேர்த்து, கத்தரீன் என்று பெயரிட்டார்கள்.

"எங்கம்மாவப் பொதச்ச எடம் எந்த நம்பர் தேயிலைக் காடுன்னுகூட தெரியல. அது மேல செடி போட்டுட்டாங்க. ஒரு காயிதத்துலயாச்சும் அவ பேரு இருக்கட்டுமே."

"பிள்ளைக்கு நாளைக்குப் பள்ளிக்கூடத்துல கேலி பண்ணுவாங்க கத்தரீன்."

பேச்சு அத்தோடு முடிந்தது. பிள்ளை எட்டாம் மாதத்திலேயே, கைக்குள் அடங்குகிற அளவில் பிறந்த அன்று அவள் மறுபடியும் கேட்டாள். "பிள்ளை தேறட்டும், பொறவு பாக்கலாம்" என்றான். அன்றே ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலைத்திருந்தால் அக்கா அதைச் சொல்லித் தண்ணீர் ஊற்றியிருப்பாள்.

"என்னங்க." உள்ளேயிருந்து கத்தரீனின் குரல் கேட்டது.

அவன் போய் அருகில் உட்கார்ந்தான். அவளுக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது. அழுது ஓய்ந்த முகம் வீங்கியிருந்தது.

"பேரு வெச்ச பொறவுதானே போச்சு?"

"வெச்சாச்சு. அக்கா தண்ணி ஊத்திட்டாங்க."

"என்ன பேரு?"

தெரசம்மாள் பிள்ளையைச் சுற்ற வெள்ளைத் துணியோடு வாசலில் வந்து நின்றாள். கொர்னேலியஸ் அவளைப் பார்க்கவில்லை.

"லவீனியா," என்றான். "லவீனியா வேலாயி."

கத்தரீன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்கதான் இங்க இல்லியே."

"போறப்பவே சொல்லிட்டுத்தான் போனேன். அக்காவக் கேளு."

அவள் திரும்பித் தெரசம்மாளைப் பார்த்தாள். "ஆமாவா அண்ணி?"

தெரசம்மாள் துணியை உதறி நான்காக மடித்தாள். மடித்ததைத் திரும்பவும் பிரித்தாள். "ஆமாம்மா," என்றாள்.

கத்தரீன் கண்ணை மூடிக்கொண்டாள். "நல்லாத்தான் இருக்கு, இல்லே?"

அவன் எழுந்து போய்ப் பெட்டியில் ஆணி அடித்தான். சிலுவைச் சட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை.

கல்லறைத் தோட்டம் ரிங்லெட் போகிற ரோட்டில் இரண்டு மைல். கத்தரீன் எழுந்து நடக்கிற நிலையில் இல்லை. கொர்னேலியஸ் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் போனான். தெரசம்மாள் மண்வெட்டியும் சிலுவையுமாகப் பின்னால் வந்தாள். மூன்று வருடமாகக் கொழுந்து கிள்ளாத செடிகள் ஆளுயரத்துக்கு வளர்ந்து, மழைக்கு நனைந்து, ரோட்டின் மேல் சாய்ந்திருந்தன.

முச்சந்தியில் ஜப்பான் காவல். குனியாமல் போனால் அறை விழும். அவன் பெட்டியோடு சேர்ந்து குனிந்தான். சிப்பாய் பெட்டியைத் துப்பாக்கி முனையால் தட்டி ஏதோ கேட்டான். பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தவன் ராமையா, முன்பு பக்கத்துத் தோட்டத்தில் கிராணியாக இருந்தவன்.

"அரிசி கடத்துறாங்கண்ணே, அதான். தெறக்கச் சொல்றான்."

"என் பிள்ள ராமையா."

"சொன்னேண்ணே. தெறக்கணும்கிறான்."

கொர்னேலியஸ் ரோட்டோரத்தில் மண்டியிட்டுப் பெட்டியை வைத்தான். வெறுங்கையால் அவனால் ஆணியைப் பிடுங்க முடியவில்லை. சிப்பாயே கத்திமுனையை இடுக்கில் விட்டு நெம்பினான். பலகை கிரீச்சென்று பிளந்தது. அவன் துணியை விலக்கிப் பார்த்தான். சற்று நேரம் பார்த்துவிட்டு, மூடச் சொல்லிக் கையைக் காட்டினான்.

"பேரு கேக்கறான்ணே, எழுதணும்."

"லவீனியா வேலாயி."

ராமையாவின் பென்சில் நின்றது. "இவ்ளோ நீளத்துக்குக் கட்டத்துல எடமில்லண்ணே."

"எழுது ராமையா. ரெண்டு பேரு. ரெண்டையும் எழுது."

சிப்பாய் அதட்டினான். ராமையா அவசரமாக எதையோ கிறுக்கினான். குனிந்து பார்த்தபோது இரண்டே சொல் இருந்தது. பெண் பிள்ளை.

வளைந்த ஆணிகளை ஒரு கல்லால் தட்டி நிமிர்த்தி மறுபடி அடித்தான் கொர்னேலியஸ். பிளந்த பலகை சரியாகப் பொருந்தவில்லை.

மண் ஈரமாக இருந்ததால் குழி வெட்ட வெகுநேரம் ஆகவில்லை. தெரசம்மாள் மண்டியிட்டுச் செபம் சொன்னாள். மரியாள் என்கிற இந்தப் பிள்ளையின் ஆத்துமாவை ஏற்றுக்கொள்ளும் ஆண்டவரே என்றாள். அந்தப் பெயர் யாரோ வேறு வீட்டுப் பிள்ளையின் பெயர்போல அவன் காதில் விழுந்தது. அவள் ஆமென் சொன்னாள். அவன் சொல்லவில்லை.

எழும்போது அவள் கேட்டாள். "எதுவும் எழுதலியா தம்பி?"

"எத எழுதச் சொல்ற?"

அவள் வெறும் சிலுவையை ஊன்றி, காலால் மண்ணை மிதித்து இறுக்கினாள்.

வீடு திரும்பியபோது கத்தரீன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ரவிக்கையின் முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. கையிலிருந்த துணியும் நனைந்திருந்தது.

"பால் எறங்கிருச்சுங்க," என்றாள். "இன்னிக்குத்தான்."

அவன் வாசல் நிலையில் கைவைத்து நின்றான். பின்னால் ஏதோ அசைந்தது. அடுத்த வீட்டு அம்மாக்கண்ணு தன் ஐந்து மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். அவளுக்குப் பால் வற்றி ஒரு மாதமாகிறது என்பது லயம் முழுக்கத் தெரியும். எப்போது வந்தாளோ. தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். குழந்தை அழத் தெம்பில்லாமல் தன் கையைச் சப்பிக்கொண்டிருந்தது.

கத்தரீன் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கொர்னேலியஸ் வாசலை விட்டு விலகி நின்றான்.